காஞ்சியில் டி.சி. வாங்கியவர்கள்

எந்த ஊர் ஹைஸ்கூலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் ஒரு மரப்பலகை தொங்கும். ‘இப்பள்ளிக்குப் பெருமை சேர்த்த முன்னாள் மாணவர்கள்’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். ஒரு கலெக்டர், இரண்டு டாக்டர், ஒரு எம்.எல்.ஏ. படிக்கிற காலத்தில் இவர்களில் பாதிப் பேர் அதே வாசலில்தான் முட்டி போட்டிருப்பார்கள். அதைப் பலகையில் எழுதும் வழக்கம் இல்லை.

காஞ்சிபுரம் இப்படி ஒரு பலகை மாட்ட நினைத்தால் சுவர் பத்தாது. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேற்பட்ட லிஸ்ட். இந்த ஊர்க் கல்விக்குக் கரையே கிடையாது என்று அப்பர் சுவாமிகளே பாடிவிட்டார். சீனாவிலிருந்து நடந்து வந்த யுவான் சுவாங், இந்தப் பக்கத்து ஜனங்கள் படிப்பை ரொம்ப மதிக்கிறவர்கள் என்று குறித்துக்கொண்டு போனார். சர்டிபிகேட் கொடுத்த இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் உள்ளே படித்தவர்களின் கதை வேறு. லிஸ்டை மேலிருந்து கீழே படியுங்கள். ஓடிப்போனவர், விரட்டப்பட்டவர், வாத்தியாரோடு முறைத்துக்கொண்டவர், பாதியில் நின்றவர், பரீட்சையில் கோட்டை விட்டவர். சமர்த்தாகப் படித்து முதல் வகுப்பில் தேறிய ஒரு பையன் பெயர்கூட நம் கைக்குக் கிடைக்கவில்லை. பாவம், பாஸாகிவிட்டார்கள். வரலாற்றுக்கு அவர்களிடம் என்ன வேலை?

முதல் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிப்போம். பல்லவர் காலத்துக் காஞ்சியில் ‘கடிகை’ என்று ஒரு பெரிய கல்விக்கூடம் இருந்தது. வேதமும் சாஸ்திரமும் சொல்லிக்கொடுக்கும் ரெசிடென்ஷியல் ஸ்கூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தணர்களுக்கு மட்டும் அட்மிஷன். கரையில்லாத கல்விதான், ஆனால் கேட் உண்டு, கேட்டில் ஆளும் உண்டு.

அந்த கேட்டுக்குள் நாலாம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்று ஒரு பையன் நுழைகிறான். கன்னட தேசத்துப் பையன். தன்னுடைய குரு வீரசர்மரையும் கூடவே அழைத்துக்கொண்டு, சகல சாஸ்திரங்களையும் கரைத்துக் குடிப்பது என்ற முடிவோடு வருகிறான். நல்ல பையன். கையில் தர்ப்பை, சமித்து, நெய்க் கரண்டி. இப்படிப்பட்ட பையன்களைத்தான் நம் வீட்டில் காட்டி, ‘அவனைப் பாருடா’ என்பார்கள்.

வந்த இடத்தில் ஒரு பல்லவக் குதிரைவீரனோடு தகராறு. என்ன தகராறு என்று இந்தக் கதையைச் சொல்லும் கல்வெட்டு சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் இன்றைக்கு முகூர்த்த நாளன்று காந்தி ரோட்டில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்கள் தாங்களாகவே ஊகித்துக்கொள்ளலாம். ஒருவர் வழிவிட்டிருக்க மாட்டார், இன்னொருவர் ‘வீட்டில் சொல்லிட்டு வந்தியா’ என்று கேட்டிருப்பார்.

இந்த மாதிரி சமயத்தில் சாதாரண மாணவன் என்ன செய்வான்? வார்டனிடம் புகார் கொடுப்பான். மிஞ்சிப்போனால் ஸ்டிரைக். மயூரசர்மன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான். படிக்க வந்தவன் குதிரைக்காரனிடம் பேச்சு வாங்குவதா, இது என்ன கலிகாலம் என்று நொந்துகொண்டு, நேரே காட்டுக்குப் போனான். பல்லவர்களின் எல்லைக் காவலர்களை அடித்தான். ஸ்ரீபர்வதத்துக் காடுகளைப் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்துச் சிற்றரசர்களிடம் கப்பம் வசூல் பண்ண ஆரம்பித்தான். பாடம் பாதியிலேயே நின்றுபோயிற்று.

பல்லவர்கள் படையோடு போய்ப் பார்த்தார்கள், அடங்கவில்லை. கடைசியில் சமாதானமாகி, மேற்குக் கடல் பக்கம் ஒரு பெரிய நிலப்பரப்பைக் கொடுத்து, பட்டமும் கட்டிவிட்டார்கள். அதுதான் வனவாசியைத் தலைநகராகக் கொண்ட கதம்ப வம்சம். கன்னட நாட்டின் முதல் சுதேசி ராஜவம்சம் என்று அவர்கள் கொண்டாடுவது இதைத்தான். கார்வாரில் உள்ள கடற்படைத் தளத்துக்கு ஐ.என்.எஸ். கதம்பா என்று பெயர். கோவாவில் அரசு பஸ்ஸே கதம்பாதான். 1975-இல் ராஜ்குமார் ‘மயூரா’ என்று ஒரு படத்திலேயே நடித்துவிட்டார். ஒரு ஹாஸ்டல் தகராறு பஸ் கம்பெனி வரைக்கும் போயிருக்கிறது.

காவிரித் தண்ணீருக்கு ரொம்ப காலம் முன்னாலேயே தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் தகராறு ஆரம்பித்தாயிற்று என்று இதிலிருந்து தெரிகிறது. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட வேண்டும். இத்தனையும் சொல்கிற கல்வெட்டு கர்நாடகத்துத் தாளகுண்டாவில் ஒரு தூணில் இருக்கிறது. மயூரசர்மனின் வாரிசு ஆண்டபோது, குப்ஜர் என்ற கவிஞர் சம்ஸ்கிருதத்தில் எழுதியது. அதாவது, மாணவன் தரப்பு வாக்குமூலம். குதிரைவீரன் தரப்பில் ஒரு பனையோலைகூடக் கிடைக்கவில்லை.

அடுத்தவர் திங்நாகர். இந்தியத் தர்க்க சாஸ்திரத்தின் பிதாமகர்களில் ஒருவர். பௌத்த தர்க்கம் என்றால் முதலில் இவர் பெயர்தான். காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய நூல்கள் சொல்கின்றன. இளம் துறவியாக ஒரு குருவிடம் சேர்கிறார். குரு சொல்கிறார்: “உனக்குள் சொல்லில் அடங்காத ஓர் ஆன்மா இருக்கிறது. தேடு.” திங்நாகர் தேடினார். எப்படி? பகலில் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தார். ராத்திரி நாலு பக்கமும் விளக்கேற்றினார். உடுத்தியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

“என்னப்பா பண்ணுகிறாய்?” என்றார் குரு. “நீங்கள் சொன்னதைத்தான் தேடுகிறேன், காணோம்” என்றார் சிஷ்யர். மறுநாள் டி.சி. ‘சொன்னதைச் செய்’ என்பதுதான் பள்ளிக்கூடத்தின் முதல் விதி. அதை அட்சரம் பிசகாமல் செய்தவனை எந்தப் பள்ளிக்கூடமும் தாங்காது.

மூன்றாமவர் தர்மபாலர். காஞ்சி அமைச்சரின் பிள்ளை, அரண்மனையில் பெண் நிச்சயமாகியிருந்தது என்கிறார் யுவான் சுவாங். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி புத்தர் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். ஒரு தேவதை வந்து தூக்கிக்கொண்டு போய்த் தொலைதூரத்து மலை விகாரையில் இறக்கிவிட்டதாம். (கல்யாண வீட்டிலிருந்து காணாமல் போகிற மாப்பிள்ளைகளை அந்தக் காலத்தில் தேவதை தூக்கிக்கொண்டு போகும். இப்போது பெங்களூரில் வேலை கிடைத்துவிடுகிறது.) அங்கிருந்த பிக்குகள், திருடன் வந்துவிட்டான் என்று பிடித்துக்கொண்டார்கள். அப்படிப் பிடிபட்டவர் பிற்பாடு நாலந்தாவுக்கே தலைமை ஆசிரியர் ஆனார். அவருடைய மாணவர் சீலபத்திரர்தான் யுவான் சுவாங்குக்கு வாத்தியார். சீனப் பயணி நம் ஊருக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்ததில் வியப்பென்ன, வாத்தியாரின் வாத்தியார் ஊராயிற்றே!

போதிதர்மரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் சூர்யா சினிமாவில் வந்து சொல்லிவிட்டார். காஞ்சியின் இளவரசர் என்பது மரபு. இல்லை, பாரசீகத்து ஆள் என்று ஒரு பழைய சீனக் குறிப்பும் உண்டு. அதை ஊரில் சத்தம் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். சீனாவுக்குப் போய் ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அவர் புகழுக்கு அடிப்படை. நம் பள்ளிகளில் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னால் ஒரு பீரியடோடு விட்டுவிடுகிறோம். திறமை வெளிவராமல் போவதற்கு இதுதான் காரணம்.

இத்தனை மடங்களும் ஞானிகளும் இருந்த ஊர் உள்ளுக்குள் எப்படி இருந்தது? அந்த ஊர் ராஜாவே எழுதி வைத்திருக்கிறார். முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டு. நாடகத்தின் பெயர் மத்தவிலாசப் பிரகசனம். காஞ்சித் தெருவில் குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகர் தன் கபாலப் பிச்சைப்பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, வழியில் போன புத்த பிக்கு மேல் பழி போடுகிறார். பிக்குவோ, ‘கருணையே வடிவான புத்தர் நமக்கு மதுவையும் மாதுவையும் அனுமதிக்காமலா இருந்திருப்பார்? கிழட்டுப் பிக்குகள்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்திருக்க வேண்டும்’ என்ற ஆராய்ச்சியில் இருக்கிறார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். யுவான் சுவாங் பத்தாயிரம் துறவிகளைப் பார்த்துப் பிரமித்த நாட்டை அதன் தலைநகர் ராஜா இப்படித்தான் பார்த்தார். ஊர் பெருமையை வெளியூர்க்காரனிடம் கேட்க வேண்டும், உண்மையை உள்ளூர்க்காரனிடம் கேட்க வேண்டும்.

இனி வாத்தியார்கள் பக்கம் வருவோம். இன்றைக்கு நம் ஆசிரியர்களுக்கு எலெக்‌ஷன் டியூட்டி போட்டால், ஓட்டுப் பெட்டியோடு ராத்திரி பெஞ்சில் படுக்க வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறார்கள். கடிகை வாத்தியார்கள் பார்த்த எலெக்‌ஷன் டியூட்டி வேறு ரகம். கி.பி. 730-ஐ ஒட்டி பல்லவ ராஜா வாரிசு இல்லாமல் செத்துப்போனார். அரியணை காலி. பெரிய மனிதர்கள், நகரத்தார் இவர்களோடு கடிகையாரும் சேர்ந்து ஒரு டெலிகேஷனாகக் கிளம்பினார்கள். அரச குலத்தின் கிளைக்குடும்பத்தைச் சேர்ந்த இரணியவர்மரிடம் போய், “எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும்” என்றார்கள்.

அவருக்கு நாலு பிள்ளைகள். மூத்தவர் மாட்டேன் என்றார். இரண்டாமவரும் மாட்டேன். மூன்றாமவரும் அதேதான். காஞ்சிபுரத்து வேலை என்றால் அந்தக் காலத்திலேயே பயந்திருக்கிறார்கள். கடைசிப் பையன் எழுந்து, “நான் போகிறேன்” என்றான். வயது பன்னிரண்டு.

ஏழாம் வகுப்பு! அப்பா தயங்கினார். கூட இருந்தவர்கள் தேற்றினார்கள். பையன் மலையும் காடும் ஆறும் தாண்டி வந்து, இரண்டாம் நந்திவர்மன் என்ற பெயரில் பட்டம் கட்டிக்கொண்டான். அறுபத்தைந்து வருஷம்போல ஆண்டான். ஒரு தலைமுறை கடிகை வாத்தியார்கள் பூராவும் அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரிட்டயராகிச் செத்தும் போயிருப்பார்கள். இந்த இண்டர்வியூ முழுவதையும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், காட்சிக்குக் காட்சி தலைப்பு போட்டுச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கோயிலைக் கட்டியது யார் என்று கேட்கிறீர்களா? செலக்ட் ஆன அதே பையன்தான். அண்ணன்மார் மூவரும் ‘மாட்டேன்’ என்று சொன்னதைக் கல்லிலேயே போட்டு வைத்தான். தம்பிகள் இதையெல்லாம் மறப்பதில்லை.

இந்த நந்திவர்மனைத்தான் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் வந்து தோற்கடித்தான். காஞ்சிக்குள் நுழைந்து, கைலாசநாதர் கோயில் சொத்தையெல்லாம் பார்த்து மயங்கி, ஒன்றையும் எடுக்காமல் திருப்பிக் கொடுத்தான். கொடுத்ததைச் சும்மா கொடுப்பார்களா? கோயில் தூணிலேயே கன்னடத்தில் கல்வெட்டு வெட்டிவிட்டுப் போனான். இந்த எழுத்தை அழிப்பவர்கள், இந்த ஊர்க் கடிகையாரைக் கொன்ற பாவிகள் போகும் உலகத்துக்குப் போவார்கள் என்று அதில் சாபமும் இருக்கிறது. படையெடுத்து வந்த எதிரி ராஜாவுக்கே, உலகத்தில் ஆகப்பெரிய பாவம் எது என்று யோசித்தபோது காஞ்சிபுரத்து வாத்தியார் ஞாபகம்தான் வந்திருக்கிறது. அவனும் எங்கேயோ முட்டி போட்டவனாகத்தான் இருக்க வேண்டும்.

பதினோராம் நூற்றாண்டுக்கு ஒரே தாவாகத் தாவுவோம். இங்கேதான் காஞ்சி வட்டாரத்துக் கல்வி வரலாற்றின் மிகப் பெரிய ஸ்கூல் டூர் நடக்கிறது.

ஊருக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்ற பெரிய அத்வைதப் பண்டிதர் பாடம் நடத்தினார். மாணவர்களில் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த இளைஞர். பெயர் ராமானுஜர். குருபரம்பரைக் கதைகள் சொல்கிறபடி, ஒரு நாள் வாத்தியாருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் தேய்த்துக்கொண்டே பாடமும் நடத்தினார். பகவானின் கண்ணழகைச் சொல்லும் உபநிஷத வரிக்கு, குரங்கின் பின்புறத்தை உவமையாக்கி அர்த்தம் சொன்னார். ராமானுஜரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர். சூடாக வாத்தியார் தொடையில் விழுந்தது.

“ஏன் அழுகிறாய்?” “நீங்கள் சொன்ன அர்த்தம் சரியில்லை, சுவாமி. அது செந்தாமரை.”

வாத்தியாருக்கு எப்படி இருந்திருக்கும்! தப்பு என்று எதிர்த்துப் பேசினால் அதட்டலாம். அழுதுகொண்டே திருத்துகிற மாணவனை என்ன செய்ய முடியும்? அதுவும் இவரே எண்ணெயும் கையுமாக உட்கார்ந்திருக்கிறபோது?

இப்படி இரண்டு மூன்று தடவை ஆனதும் யாதவப்பிரகாசர் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லோரும் காசி யாத்திரை போகலாம், கங்கையில் ஸ்நானம் செய்யலாம், ராமானுஜன் மட்டும் கரையேற வேண்டாம். ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் இப்படி ஒரு அஜெண்டாவை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கூடவே வந்த சித்தி மகன் கோவிந்தன் விஷயத்தைக் கேட்டு, விந்திய மலைக் காட்டில் ராமானுஜரின் காதைக் கடித்தான். அவர் இருட்டில் நழுவினார். வழி தெரியாத காட்டில் ஒரு வேடனும் வேடுவச்சியும் துணைக்கு வந்தார்கள். விடிகாலையில் அந்த அம்மாளுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவரப் போனார், வந்து பார்த்தால் ஆட்களைக் காணோம். இது எந்த ஊர் என்று விசாரித்தால் காஞ்சிபுரம்! வந்தது பெருமாளும் தாயாரும் என்பது வைஷ்ணவ நம்பிக்கை. அந்தக் கிணற்றைச் சாலைக்கிணறு என்று இன்றும் காட்டுகிறார்கள்.

கதையின் கிளைமாக்ஸ் பிற்பாடு வருகிறது. யாதவப்பிரகாசர் வயதான காலத்தில் மனம் மாறி, அதே ராமானுஜரிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். கோவிந்த ஜீயர் என்று பெயர் மாறிற்று. பழைய வாத்தியாருக்குப் புது வாத்தியார் கொடுத்த வேலை, துறவிகளின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதுவது. யதிதர்ம சமுச்சயம் என்று அவர் எழுதியும் முடித்தார். கங்கையில் தள்ளப் பார்த்தவருக்கு தண்டனை இம்போசிஷன். ராமானுஜர் எவ்வளவு பெரிய மகான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, ஹைஸ்கூல் எங்கே என்று கேட்பீர்கள். வந்துவிட்டோம்.

காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் உயர்நிலைப்பள்ளி என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பெயரைக் கொடுத்த பச்சையப்ப முதலியார் 1754-இல் பெரியபாளையத்தில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். சென்னையில் நாராயண பிள்ளை என்ற துபாஷியின் நிழலில் வளர்ந்து, கம்பெனிக்காரர்களுக்கு இடையில் துபாஷித் தொழில் பண்ணி, இளம் வயதிலேயே லட்சாதிபதி ஆனவர். நாற்பது வயதில், 1794 மார்ச்சில், உயிலை எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். சொத்து பூராவும் கோயில்களுக்கும் தர்ம காரியங்களுக்கும்.

உயிலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்ற பேச்சே கிடையாது. மூச்!

பின்னே எப்படி வந்தது? நம் நாட்டில் நல்ல காரியம் எப்படி நடக்குமோ அப்படித்தான். சொந்தக்காரர்கள் கேஸ் போட்டார்கள். கேஸ் நடந்தது. நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. தர்மம் ஒன்றும் நடக்காததால் பணம் அப்படியே கிடந்து வட்டி குட்டி போட்டது. ஜார்ஜ் நார்ட்டன் என்ற அட்வகேட் ஜெனரல் புகுந்து பார்த்தபோது, முதலியார் சொன்ன தர்மங்களுக்கெல்லாம் ஒதுக்கியது போகவும் நிறைய மிச்சம் இருந்தது. அதை வைத்துப் படிப்பு சொல்லிக்கொடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. 1842 ஜனவரி 1-ஆம் தேதி சென்னையில் பள்ளி திறந்தார்கள். பிறகு காஞ்சிபுரம், சிதம்பரம் என்று கிளைகள். உயில் எழுதி 48 வருஷம்! பச்சையப்பர் கல்வி வள்ளல் ஆனதில் பச்சையப்பருக்குப் பாதிப் பங்கு, கேஸ் போட்ட சொந்தக்காரர்களுக்கு மீதிப் பாதி. அவர்களுக்கு மட்டும் ஒரு சிலைகூட இல்லை.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1837-இல், ஸ்காட்லாந்திலிருந்து ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் சென்னையில் வந்து இறங்கி, ஒரு பள்ளி தொடங்கி, காஞ்சிபுரத்திலும் கிளை போட்டார். ஆண்டர்சன் பள்ளி இன்றும் இருக்கிறது. அவருடைய சென்னைப் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் உட்காரக்கூடாது என்று மற்றவர்கள் கொடி பிடித்தபோது மனிதர் அசையவில்லை. ‘போகிறவர்கள் போகலாம்’ என்றுவிட்டார். போனார்கள். பச்சையப்பன் கல்வி நிலையங்களோ 1920-களின் கடைசி வரைக்கும் தலித் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடிகையின் கேட் ஆயிரம் வருஷம் கழித்தும் துருப்பிடிக்காமல் இருந்தது என்று அர்த்தம். இந்த இடத்தில் எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை, மேலே போகலாம்.

பச்சையப்பர் குடும்பத்துக் கல்லூரியில், சென்னையில், எஃப்.ஏ. பரீட்சைக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் பெயிலான ஒரு பையன் உண்டு. கணக்கைத் தவிர வேறெதுவும் ஏறாது. பெயர் சீனிவாச ராமானுஜன். இவருக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு இங்கே கோர்ட்டில் உத்தியோகம். பேரன் சின்ன வயதில் கொஞ்ச காலம் இங்கே இருந்தான். தாத்தாவுக்கு வேலை போனதும் அம்மாவோடு கும்பகோணம் போனான். பிற்பாடு சென்னைக்கு அனுப்பியபோது பள்ளிக்கூடம் பிடிக்காமல் டிமிக்கி கொடுத்தான். வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு போலீஸ் கான்ஸ்டபிளைச் சொல்லி வைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எல்லையில்லா எண்களைக் கண்ட மேதைக்கு அட்டெண்டன்ஸ் மட்டும் எல்லைக்குள் இருந்தது.

காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியின் பலகையில் முதல் வரியில் இருக்க வேண்டியவர் யார் என்று உங்களுக்கே தெரியும். சி.என்.அண்ணாதுரை. 1909-இல் பிறந்தவர். நாலு பக்கமும் தறிச் சத்தம் கேட்கும் ஊரில் வளர்ந்தவர்.

தறியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நிஜமான போட்டி மற்ற பள்ளிக்கூடங்கள் அல்ல, தறிதான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்துக் கோர்வைப் புடவை நெய்ய ஓராள் பத்தாது. நெசவாளி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பையன் அல்லது பெண். ஊர் ஊராகக் கல்யாணப் பெண்கள் கட்டிக்கொண்ட முகூர்த்தப் புடவையின் கரையில், பள்ளிக்குப் போகாத எத்தனையோ நாட்கள் ஜரிகையோடு ஓடியிருக்கின்றன. ‘இடையில் நின்ற மாணவர்’ என்று ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். பையன் எங்கேயும் நிற்கவில்லை, தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான்.

அண்ணாவும் இடையில் நின்றவர்தான். வீட்டில் கஷ்டம். காஞ்சிபுரம் நகராட்சி ஆபீஸில் கிளார்க் வேலைக்குப் போனார். மேஜை, ஃபைல், மைப்புட்டி. ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அங்கேயே இருந்திருந்தால் படிப்படியாக உயர்ந்து ஹெட் கிளார்க் ஆகி, மாலை மரியாதையோடு ரிட்டயராகியிருப்பார். கூடிய சீக்கிரம் தலையெழுத்தும் ஃபைலும் மாறி, 1928-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். எம்.ஏ. வரை படித்தார். லிஸ்டில் முதல்முறையாக ஒருவர் ஒழுங்காகப் பாஸானார் என்று சந்தோஷப்பட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். ஊர் விடுமா? 1957-இல் சொந்தத் தொகுதியில் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றார், ஜெயித்தார். 1962-இல் அதே காஞ்சிபுரத்தில் நின்றார். அவருடைய கட்சி மாநிலம் பூராவும் ஐம்பது இடம் ஜெயித்தது. தலைவர் சொந்த ஊரில், பஸ் முதலாளி நடேச முதலியாரிடம் தோற்றார். ஒரு பாஸ், ஒரு பெயில். காஞ்சிபுரத்து மார்க் ஷீட் என்றால் அப்படித்தான் இருக்கும். 1967-இல் அவர் முதலமைச்சர் ஆனபோது காஞ்சிபுரம் வழியாக வரவில்லை. தென்சென்னையில் எம்.பி.யாக ஜெயித்து, பிறகு மேல்சபைக்குப் போய், அந்த வழியாக நாற்காலிக்கு வந்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் கூப்பிட்டு மரியாதை செய்தது. இன்றைக்கு ஊரில் திரும்பின பக்கமெல்லாம் அண்ணா பெயர், அண்ணா சிலை. தோற்கடித்த ஊர்தான் சிலை வைப்பதில் முந்திக்கொள்ளும்.

அண்ணாவின் வீடு நினைவில்லமாக இருக்கிறது. திருக்கச்சி நம்பி தெரு. திருக்கச்சி நம்பி யார் தெரியுமா? வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசிக்கொண்டே பெருமாளோடு பேசியவர். அந்தணர் அல்லாதவர். கடிகை கேட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்கள். அவரிடம்தான் ராமானுஜரே போய்ச் சந்தேகம் கேட்டார். எக்ஸ்கர்ஷனில் தப்பி வந்த மாணவனுக்கு டியூஷன் எடுத்தவர் தெருவில், நாத்திகம் பேசிய மாணவர் வளர்ந்தார். இரண்டு பேரையும் ஒரே தபால்காரர் பார்த்துக்கொள்கிறார்.

இந்த ஊரில் மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்த வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் அத்தி வரதர் படுத்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 1939, 1979, 2019. வந்தால் ஒன்றரை மாதம், திரும்பவும் தண்ணீருக்குள். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை இருந்தார். ஒரு கோடிக்கும் மேல் ஜனம். ஊரில் நிற்க இடமில்லாமல், கடைசி வாரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். நாற்பது வருஷத்தில் ஒன்றரை மாத அட்டெண்டன்ஸ் வைத்திருப்பவரைப் பார்க்க, எழுபத்தைந்து சதவீதம் இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டேன் என்கிற ஹெட்மாஸ்டர்களும் க்யூவில் நின்றார்கள்.

அடுத்தது 2059. இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பையன்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ‘அப்போ லீவு நம்ம பசங்களுக்குத்தாண்டா’ என்று ரொம்பவும் நொந்துகொள்கிறார்கள்.